தென்னை வாடல் நோயும் பி.சி.ஆர். பரிசோதனையும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி, செங்கோட்டைத் தாலுகாக்களில் வீசும் மேல்காற்றின் குணம் அப்பகுதிக் குடியானவர்கள் யாவரும் அறிந்த விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு வாசலைப் போலத் திறந்திருப்பதால், மலைக்கு அப்பால் பெய்யும் பெருமழையின் ஒரு பங்கு சாரலாக வந்து குற்றாலத்தில் விழுகிறது. அருவிகள் பெருகுகின்றன, சிற்றாற்றில் நீர் வருகிறது, அதைக் கொண்டு குளங்கள் நிரம்பி வயல்களும் தோப்புகளும் செழிக்கின்றன. அதே கணவாயின் வழியாகவே ரஸ்தாவும் இருப்புப் பாதையும் செல்கின்றன. ஆட்களும், சரக்குகளும், தென்னம்பிள்ளைகளும், விதைத் தேங்காய்களும் இருபுறமும் போய்வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே, மலைக்கு மேற்கே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தென்னையை வருத்திவரும் வேர் வாடல் நோய் கிழக்கே செங்கோட்டைப் பகுதியிலும் காணப்படுவது வியப்புக்குரியதன்று.

தோப்பு வைத்திருப்பவருக்கு இந்நோயினால் ஏற்படும் பெருங்கஷ்டம் யாதெனில், நோய் வெளிப்படையாகத் தெரிவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அது மரத்தினுள் புகுந்திருக்கக்கூடும் என்பதே. நெட்டைத் தென்னை நட்டு ஆறு, ஏழு ஆண்டுகள் சென்றபின்பே காய்ப்புக்கு வருகிறது. அதுவரை போட்ட உரமும், இறைத்த நீரும், செய்த வேலையும் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், நடும் பிள்ளை எந்த மரத்துப் பிள்ளை, அத்தாய் மரம் நோயற்றதுதானா என்பதை முதலிலேயே அறிய வேண்டும். கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. இதை அறிவதற்கு இன்று கைக்கொள்ளப்படும் வழிகளுள் முக்கியமானது பி.சி.ஆர். எனப்படும் பரிசோதனை. அது நடக்கும் விதத்தையும், அதனால் தெரியவருவது இன்னது, தெரியவராதது இன்னது என்பதையும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

நோயின் வரலாறு

1882-ஆம் ஆண்டில் திருவாங்கூர் சமஸ்தானத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதன் பின்னர் மீனச்சில் தாலுகாவைச் சேர்ந்த ஈராற்றுப்பேட்டையில் இந்நோய் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மத்தியத் திருவாங்கூரின் பல பாகங்களிலும் பரவிற்று. இந்திய அரசின் பயிர் நோய் நிபுணராக இருந்த பட்லர் என்பார் திருவாங்கூர் சென்று தென்னையின் நோய்களை ஆராய்ந்து 1908-இல் அறிக்கை வெளியிட்டார். 1947-இல் காயங்குளத்தில், முக்கியமாக இந்நோயை ஆராயும் பொருட்டே, ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. செங்கோட்டைத் தாலுகா 1956 வரையில் திருவாங்கூர்-கொச்சியுடன் சேர்ந்திருந்தமையால், அப்பகுதி விவசாயிகளுக்கு அந்நாட்டுத் தென்னையோடு நெருங்கிய தொடர்பு இருந்துவந்தது. தமிழ்நாட்டில் செங்கோட்டைப் பகுதியைத் தவிர, கன்னியாகுமரி, தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களில் கேரள எல்லையை ஒட்டிய இடங்களிலும் இந்நோய் உண்டு. விவசாயிகள் இதனைக் கேரள வாடல் நோய் என்றே வழங்குவர்.

நோயுற்ற மரத்தின் ஓலைகள் தளர்ச்சியுற்று, விலா எலும்புகளைப் போல உட்புறமாக வளைந்து நிற்கும். அடிமட்டைகளின் ஓலைகள் மஞ்சள் நிறம் பெறும். ஓலைகளின் ஓரங்கள் கருகும். வேர்கள் அழுகும், குரும்பைகள் உதிரும், காய்களின் எண்ணிக்கையும் பருமனும் குறையும். பல மரங்களில் குருத்தழுகலும் சேர்ந்து வந்து ஓலைகளைச் சிதைக்கும். மரம் உடனே பட்டுப்போவதில்லை. பல ஆண்டுகள் உயிரோடு நின்று, நாளுக்கு நாள் மெலிந்து, உடையவருக்குப் பாரமாகி நிற்கும். அவ்வாறு நிற்குங்காலமெல்லாம் அடுத்த மரங்களுக்கு நோயைத் தரும் ஊற்றாகவும் இருக்கும்.

மறைந்திருந்த காரணம்

நோய்க்குக் காரணம் காளான் என்று சிலரும், பாக்டீரியா என்று சிலரும், வைரஸ் என்று சிலரும், மண்ணில் சத்துக் குறைவு என்று வேறு சிலரும் கருதினர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இவ்விவாதம் நீடித்தது. 1983-இல்தான், நோயுற்ற மரத்தின் திசுக்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் மூலம் பார்த்தபோது, பைட்டோபிளாஸ்மா என்று இன்று வழங்கும் நுண்ணுயிர் அவற்றில் இருப்பது தெரியவந்தது. இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்குரிய கெட்டியான மேலுறை இதற்கு இல்லை. ஓலையில் ஆன உணவை மரத்தின் பிற பாகங்களுக்குக் கொண்டு செல்லும் நுண்குழாய்களில் இது வாழ்கிறது. சாற்றை உறிஞ்சும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒருவகைத் தத்துப்பூச்சியும் இதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன.

காளானையும் பாக்டீரியாவையும் ஆராய்ச்சிசாலையில் தக்க உணவிலிட்டு வளர்த்து இன்னதென்று காணலாம். பைட்டோபிளாஸ்மாவை அவ்விதம் எளிதில் வளர்க்க இயலாது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கொண்டு ஒவ்வொரு மரத்தையும் சோதிப்பதோ ஆகாத காரியம். மேலும் தென்னையில் இந்நுண்ணுயிர் மிகச் சொற்பமாகவும், ஓரிடத்தில் உண்டு, ஓரிடத்தில் இல்லை என்னும்படியாகவும் பரவியிருக்கிறது. வைக்கோற்போரில் விழுந்த ஊசியைத் தேடுவதற்கு இது ஒப்பாகும். அந்த ஒரு ஊசியைக் கோடி ஊசிகளாகப் பெருக்கிவிட்டால் தேடும் வேலையே இல்லாமற்போகும் அன்றோ? பி.சி.ஆர். செய்வது இதுவே.

உயிரின் எழுத்து

நெல்லாயினும், தென்னையாயினும், பூச்சியாயினும், கண்ணுக்குத் தெரியாத கிருமியாயினும், ஒவ்வோர் உயிரின் குணங்களும் டி.என்.ஏ. என்னும் பொருளில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. இந்த எழுத்துக்கள் நான்கே வகையின. அவை ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட இழையில் அமைந்துள்ளன. இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவி, முறுக்கிய கயிற்றைப் போல இருக்கும். ஓர் இழையில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் எதிர் இழையில் அதற்குரிய ஜோடி எழுத்தே நிற்கும், வேறொன்று நிற்காது. ஆகையால் ஓர் இழையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிசகின்றி எழுதிவிடலாம்.

தென்னையின் டி.என்.ஏ.யில் ஏறக்குறைய 240 கோடி எழுத்துக்கள் உள்ளன. பைட்டோபிளாஸ்மாவில் உள்ளவை சில லட்சங்கள் முதல் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவை வரையே. ஓலையை அரைத்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும்போது மரத்தினுடையதும் கிருமியினுடையதும் கலந்தே வருகின்றன. அவற்றுள் கிருமிக்கே உரிய ஒரு பகுதியை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு கிராமத்தில் ஒரு நிலத்தை அடையாளம் காட்டுவதற்கு ஊர் முழுவதையும் அளக்க வேண்டுவதில்லை. இரு எல்லைக் கற்களைச் சரியாகக் கண்டுவிட்டால் அவற்றிடையே உள்ள நிலம் இன்னதென்று தெரிந்துவிடும். பி.சி.ஆர். முறையில் இத்தகைய எல்லைக் கற்களாக உதவுபவை பிரைமர் எனப்படும் இரு சிறு டி.என்.ஏ. துண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 20 எழுத்து நீளமுள்ளது. கிருமியின் டி.என்.ஏ.யில் தெரிந்தெடுத்த பகுதியின் ஒரு கோடியில் ஒன்றும், மறு கோடியில் எதிர் இழையில் மற்றொன்றும், தத்தம் ஜோடி எழுத்துக்களைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். நான்கு வகை எழுத்துக்களைக் கொண்டு 20 எழுத்து நீளத்தில் அமைக்கக்கூடிய வரிசைகள் ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்டவை. எனவே, தக்கபடி தேர்ந்த பிரைமர் தன் இடத்தைவிட்டு வேறிடத்தில் சென்று ஒட்டுவது அரிது. பரிசோதனையின் நம்பகம் பெரும்பாலும் இவ்விரு துண்டுகளைத் தேர்வதிலேயே அடங்கியிருக்கிறது.

பரிசோதனை நடக்கும் விதம்

ஓலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ., பிரைமர்கள், புதிய இழை கட்டுவதற்கு வேண்டிய நான்கு வகை எழுத்துப் பொருள்கள், அவற்றைக் கோத்துக் கட்டும் பாலிமரேஸ் என்னும் நொதி, சிறிது மக்னீசிய உப்பு ஆகியவை ஒரு சிறு குழாயில் சேர்க்கப்படும். குழாயில் இருப்பது சில துளிகளே. அதை ஓர் இயந்திரத்தில் வைத்து, உஷ்ணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் வேலை தானே நடைபெறும். அவ்வேலை மூன்று படிகளைக் கொண்டது.

முதற்படி: உஷ்ணம் சுமார் 94 டிகிரிக்கு உயர்த்தப்படும். இது நீர் கொதிக்கும் நிலைக்குச் சற்றே குறைந்தது. இவ்வுஷ்ணத்தில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிந்துவிடும்.

இரண்டாம் படி: உஷ்ணம் 50 முதல் 60 டிகிரி வரை குறைக்கப்படும். அப்போது பிரைமர்கள் தத்தம் இடங்களைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். உஷ்ணம் மிகக் குறைந்தால் பொருந்தாத இடங்களிலும் ஒட்டும். மிகுந்தால் உரிய இடத்திலும் ஒட்டாது. ஆகையால் இந்தப் படியின் உஷ்ணம் ஒவ்வொரு பிரைமருக்கும் தனித்தனியே தீர்மானிக்கப்படுகிறது.

மூன்றாம் படி: உஷ்ணம் 72 டிகிரிக்கு உயர்த்தப்படும். நொதியானது பிரைமர் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையைக் கோத்துச் செல்லும். ஆயிரம் எழுத்துக்களைக் கோக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும்.

மூன்று படிகளும் முடிந்தால் ஒரு சுற்று. முதலில் இருந்த ஒரு பிரதி இரண்டாகிறது. அடுத்த சுற்றில் அவ்விரண்டும் நான்காகும். பின்னர் எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும். இவ்விதம் ஒவ்வொரு சுற்றின் விளைவும் அடுத்த சுற்றுக்கு மூலமாக அமைந்து, சங்கிலியைப் போலத் தொடர்வதால்தான் பாலிமரேஸ் தொடர்வினை என்று இது பெயர் பெற்றது. பி.சி.ஆர். என்பது அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள்.

பெருகும் கணக்கு

இரட்டிக்கும் கணக்கு முதலில் அற்பமாகத் தோன்றிப் பின்னர் மலைக்கவைக்கும் இயல்புடையது. ஒரு பிரதி 10 சுற்றுகளில் 1,024 பிரதிகளாகும். 20 சுற்றுகளில் 10,48,576 ஆகும். 30 சுற்றுகளில் 107,37,41,824 ஆகும். நடைமுறையில் ஒவ்வொரு சுற்றிலும் முற்றிலும் இரட்டிப்பதில்லை. கடைசிச் சுற்றுகளில் சரக்குத் தீர்ந்து வேகமும் குறையும். ஆயினும் 30 முதல் 40 சுற்றுகள் முடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரமே செல்லும் என்பதையும், அதற்குள் கண்டறிவதற்குப் போதுமான கோடிக்கணக்கான பிரதிகள் கிடைத்துவிடும் என்பதையும் நோக்கினால், இம்முறையின் வலிமை விளங்கும்.

வெந்நீர் ஊற்று அளித்த உதவி

டி.என்.ஏ.யைப் பிரைமர்களைக் கொண்டு படியெடுக்கலாம் என்னும் கருத்து, பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி நடத்திய ஹர்கோவிந்த் கொரானாவின் குழுவினர் 1971-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காணப்படுகிறது. அதனைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் முறையாக 1983-இல் அமைத்தவர் காலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த காரி முல்லிஸ். 1993-இல் அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தொடக்கத்தில் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. இழைகளைப் பிரிப்பதற்காக உஷ்ணத்தை உயர்த்தும்போது, முட்டையின் வெண்கரு வெந்து கெட்டியாவது போல நொதியும் கெட்டுவிடும். ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நொதியைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குற்றாலத்தின் குளிர்ந்த அருவி நீருக்கு நேர்மாறான ஒரு நீர்நிலை இக்குறையைத் தீர்த்தது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வனத்தில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அவற்றில் சாதாரண உயிர்கள் பிழைக்கமாட்டாத உஷ்ணத்திலும் ஒரு பாக்டீரியா வாழ்வதைத் தாமஸ் பிராக் என்னும் அறிஞர் 1966-இல் கண்டார். அந்தப் பாக்டீரியாவின் நொதி 94 டிகிரி உஷ்ணத்தையும் தாங்குகிறது. அதைப் பயன்படுத்தும் முறை 1988-இல் வெளியானபின், ஒரு முறை நொதியைச் சேர்த்தாலே எல்லாச் சுற்றுகளுக்கும் போதுமென்றாயிற்று. வேலை முழுவதையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கவும் முடிந்தது. யாருக்கும் பயனில்லை என்று தோன்றிய ஒரு கிருமி, உலகமெங்கும் மருத்துவத்துக்கும் விவசாயத்துக்கும் இவ்விதம் பணிபுரிகிறது.

முடிவைப் படிக்கும் முறை

பெருகிய டி.என்.ஏ. வெறுங்கண்ணுக்கு நீராகவே தோன்றும். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரோஸ் என்னும் பொருளைக் காய்ச்சி ஆறவைத்தால் பாளம் போல உறையும். அதன் ஒரு கோடியில் உள்ள குழிகளில் மாதிரிகளை இட்டு மின்சாரம் செலுத்தினால், டி.என்.ஏ. துண்டுகள் மறு கோடியை நோக்கி நகரும். சிறு துண்டு விரைந்து முன்னே செல்லும், பெருந்துண்டு பின்தங்கும். சாயமேற்றி ஊதாக்கடந்த ஒளியில் பார்த்தால், துண்டுகள் நின்ற இடங்கள் ஒளிக்கோடுகளாகத் தெரியும். எதிர்பார்த்த நீளத்துக்குரிய இடத்தில் கோடு இருந்தால் கிருமியின் டி.என்.ஏ. மாதிரியில் உண்டென்று கொள்ளலாம். பெருக்கம் நடக்கும்போதே அதன் அளவை ஒளியினால் காட்டும் இயந்திரங்களும் இப்போது உபயோகத்தில் உள்ளன.

ஒவ்வொரு முறையும் மாதிரிகளுடன் மூன்று சாட்சிகள் வைக்கப்பட வேண்டும். நோயுள்ளதென்று ஐயமறத் தெரிந்த மரத்தின் டி.என்.ஏ. ஒன்று, இதில் கோடு வராவிட்டால் பரிசோதனையே நடக்கவில்லை என்பது பொருள். வெறும் நீர் மற்றொன்று. இதில் கோடு வந்தால் எங்கோ கலப்பு நேர்ந்துவிட்டது என்பது பொருள். தென்னைக்கே உரிய ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்ப்பது மூன்றாவது. இதுவும் வராவிட்டால், ஓலையிலுள்ள பிசினும் துவர்ப்புப் பொருள்களும் நொதியை வேலை செய்யவொட்டாமல் தடுத்திருக்கக்கூடும். சாட்சிகள் இல்லாத பரிசோதனை முடிவு, சாட்சிக் கையெழுத்தில்லாத பத்திரத்தைப் போன்றது.

தென்னைக்குப் பயன்பட்ட விதம்

1916-இல் அன்றைய சென்னை அரசினால் தொடங்கப்பட்ட தென்னை ஆராய்ச்சி நிலையமே இன்று காசர்கோட்டில் மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. காயங்குளம் நிலையம் இதன் கிளையாகும். இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் வேர் வாடல் நோய்க்கு ஏற்ற பிரைமர்களைப் புதிதாக அமைத்து, 2010-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். மரத்தில் கிருமி மிகச் சொற்பமாக இருப்பதால், ஒரு முறை பெருக்கியதை மூலமாகக் கொண்டு, அதனுள் அமைந்த மற்றொரு பிரைமரையும் சேர்த்து இரண்டாம் முறை பெருக்கும் வழி கைக்கொள்ளப்பட்டது. எல்லைக் கற்களுக்குள்ளே இன்னொரு கல்லைக் கண்டு நிலத்தை உறுதிசெய்வது போன்றது இது. பெருகிய பகுதியின் எழுத்துக்களைப் படித்ததில், இக்கிருமி நெல் மஞ்சள் குட்டை நோயை உண்டாக்கும் கிருமியின் குழுவைச் சேர்ந்தது என்பதும் தெரிந்தது. நூறாண்டு விவாதத்தில் உறுதிப்படாதிருந்த குலமும் கோத்திரமும் இவ்விதம் வெளிப்பட்டன.

இதனால் விவசாயிக்குக் கிடைக்கும் நேரான பயன் தாய் மரத் தேர்வாகும். நோய் மிகுந்த தோப்புகளில்கூடச் சில மரங்கள், சுற்றிலும் உள்ளவை வாடி நிற்க, தாம் மட்டும் பல ஆண்டுகள் நன்கு காய்த்து நிற்பதைக் காணலாம். நோயை எதிர்க்கும் குணம் அவற்றுக்கு இருக்கலாம். அல்லது நோய் உள்ளே புகுந்தும் இன்னும் வெளிப்படாமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ரத்தப் பரிசோதனையை ஒத்த சீரம் பரிசோதனையும் பி.சி.ஆர். பரிசோதனையும் உதவுகின்றன. இவ்விதம் நோய் மிகுந்த இடங்களில் தேர்ந்து வெளியிடப்பட்டவையே கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்பசங்கரா என்பவை. கல்பஸ்ரீ சாவக்காட்டுப் பச்சைக் குட்டையிலிருந்தும், கல்பரக்ஷா மலேயாப் பச்சைக் குட்டையிலிருந்தும் தேர்ந்தவை. கல்பசங்கரா சாவக்காட்டுப் பச்சைக் குட்டையையும் மேற்குக் கடற்கரை நெட்டையையும் கலந்து உண்டாக்கிய ஒட்டு ரகம்.

பிற பயிர்களில்

திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளில் முடிக்கொத்து நோயின் வைரஸ் இல்லை என்று சான்று அளிப்பதற்கும் இம்முறை உதவுகிறது. திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று வழங்கும் தேசிய ஏற்பாடு 2006-இல் தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இப்பரிசோதனையைச் செய்கிறது. ஒரு தாய்க் கிழங்கிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகள் உண்டாவதால், அத்தாய்க் கிழங்கில் நோயிருந்தால் கன்றுகளும் நோயோடே தோட்டத்துக்குப் போகும். சான்றின் அவசியம் இதனால் விளங்கும்.

நெல்லில் இதன் உபயோகம் வேறு வகையானது. சம்பா மஹ்சூரி ரகம் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாகும். நோயை எதிர்க்கும் மூன்று மரபுக்கூறுகளை ஹைதராபாத்தில் அதனுடன் சேர்த்து உண்டாக்கிய ரகம் 2008-இல் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த நாற்று அம்மூன்றையும் பெற்றது என்பதை, கதிர் வரும் வரையில் காத்திராமல், இலைத் துண்டைப் பி.சி.ஆர். மூலம் பரிசோதித்தே தெரிந்தெடுத்தனர்.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது ஆர்.டி.-பி.சி.ஆர். என்னும் சொல் ஊர்தோறும் பழகிற்று. அந்த வைரஸில் இருப்பது டி.என்.ஏ. அன்று, ஆர்.என்.ஏ. ஆகையால் அதனை முதலில் டி.என்.ஏ.யாகப் படியெடுத்துக்கொண்டு பின்னர் பெருக்க வேண்டியிருந்தது. மூக்கில் எடுத்த சளியும் தோப்பில் எடுத்த ஓலையும் வேறு. அடிப்படை வேலை ஒன்றே.

பரிசோதனையின் எல்லை

ஒரு தோப்பில் பத்து மரங்களின் ஓலை மஞ்சளாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மக்னீசியக் குறைவாலும், நீர் தேங்குவதாலும், கடும் வறட்சியாலும் ஓலை மஞ்சளாகும். தஞ்சாவூர் வாடல் நோயிலும் ஓலைகள் வாடும். ஆனால் அது மண்ணிலுள்ள காளானால் வருவது, அதற்குரிய வைத்தியமும் வேறு. வேர் வாடல் நோய் என்று அவசரப்பட்டு வெட்டினால், உரத்தாலும் நீராலும் பிழைக்கக்கூடிய மரங்களை இழக்க நேரும். மஞ்சள்தானே என்று அசட்டையாக விட்டால், நோய் தோப்பு முழுவதும் பரவ நேரும். ஐயத்துக்கிடமான இத்தகைய சந்தர்ப்பத்தில்தான் பரிசோதனையின் மதிப்பு தெரியும்.

ஆயினும் அது எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்வதன்று. உண்டு என்ற முடிவு, அம்மாதிரியில் கிருமியின் டி.என்.ஏ. இருந்ததைத் தெரிவிக்கும், மரம் இன்னும் எத்தனை ஆண்டு காய்க்கும் என்பதைத் தெரிவிக்காது. இல்லை என்ற முடிவு, எடுத்த துண்டில் அகப்படவில்லை என்பதையே தெரிவிக்கும். கிருமி மரத்தில் ஒரே சீராகப் பரவாததால், வேறு ஓலையில் இருந்திருக்கலாம். ஆகையால் தாய் மரத்தை ஒரே பரிசோதனையைக் கொண்டு தீர்மானிக்காமல், காலம் விட்டு மறுபடியும் பார்ப்பது அவசியம். இன்று நோயற்றதாகக் கண்ட மரத்தை நாளை பூச்சி தீண்டவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசோதனை மருந்தன்று. வேர் வாடல் நோய் பற்றிய மரத்தை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரையில் இல்லை.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1. விதைத் தேங்காயும் பிள்ளையும் வாங்கும்போது தாய் மரம் எந்த ஊரைச் சேர்ந்தது, எப்போது, எங்கே பரிசோதிக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மலிவு கருதி நோயுள்ள பகுதியின் நாற்றங்கால்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவருதல் கூடாது. அங்குப் பூச்சி ஏற்கெனவே அவற்றைத் தீண்டியிருக்கலாம்.

2. ஓலைகள் விலா எலும்பு போல வளைவதையும், அடிமட்டை மஞ்சளாவதையும், குரும்பை உதிர்வதையும் ஒருங்கே கண்டால், உடனே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மரங்களுக்கு எண் இட்டு, ஒவ்வொன்றின் காய்ப்பையும் குறித்துவைத்தல் பெரிதும் உதவும்.

3. பரிசோதனைக்கு ஓலை எடுக்கும்போது, துறையினர் சொல்லும் பாகத்தையே, அவர்கள் சொல்லும் விதத்திலேயே எடுக்க வேண்டும். ஒரு மரத்துக்கு உபயோகித்த அரிவாளைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்துக்கு உபயோகித்தால் மாதிரிகள் கலந்துபோகும். வாடி அழுகிய ஓலை பயன்படாது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் மரத்தின் எண்ணையும், ஊரையும், தேதியையும் எழுத வேண்டும். எண் மாறினால் நோயுள்ள மரம் நின்றுவிடும். நல்ல மரம் வெட்டுப்படும்.

4. நோய் உறுதிப்பட்டபின், ஆண்டுக்குப் பத்துக் காய்களுக்கும் குறைவாகக் காய்க்கும் மரங்களையும், காய்ப்புக்கு வருமுன்னரே நோயுற்ற இளமரங்களையும் அகற்றிவிடுவதே உத்தமம். ஓரளவு காய்க்கும் மரங்களைச் சமச்சீரான உரம், மக்னீசியம் சல்பேட், வேப்பம் பிண்ணாக்கு, தழையுரம், கோடை நீர் ஆகியவற்றால் பேணிப் பலன் பெறலாம். வட்டப்பாத்தியில் தட்டைப்பயறு அல்லது சணப்பு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கிப் புதைப்பது எளிய முறை.

5. ஒருவர் தன் தோப்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அடுத்த தோப்பில் நோயுற்ற மரங்கள் நின்றால் பயன் குறைவு. பூச்சிக்குப் பட்டா எல்லை கிடையாது. ஆகவே கிராம அதிகாரிகள் ஊரார் அனைவரையும் கூட்டி, ஒரே காலத்தில் பார்வையிடவும், தெரிவிக்கவும், அகற்றவும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

தென்னை ஒரு தலைமுறையில் நட்டு அடுத்த தலைமுறையில் முழுப் பலனையும் காணும் பயிர். அதன் நோயை 1882-இல் கண்டார்கள். காரணத்தை அறிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்று ஒரு சிறு குழாயில் மூன்று மணி நேரத்தில் அக்கிருமியின் சுவடு தெரிந்துவிடுகிறது. இவ்வறிவு ஆராய்ச்சிசாலையோடு நின்றுவிட்டால் தோப்புக்குப் பயனில்லை. நல்ல தாய் மரத்தைக் கேட்டு வாங்குபவரும், எண் மாறாமல் மாதிரி அனுப்புபவரும், பயனற்ற மரத்தை மனமொப்பி அகற்றுபவரும் ஊருக்குச் சிலர் இருந்தால், கணவாயின் இப்புறத்துத் தோப்புகளை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைக்கலாம்.